சலானைக் கட்டுவதா, கோர்ட்டில் நிற்பதா? தில்லி வாசகர்களின் கேள்விகளும் வழக்கறிஞர்களின் பதில்களும்

போக்குவரத்து சலான் (விதிமீறலுக்கான அபராதச் சீட்டு) பற்றித் தலைநகர்த் தமிழர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் தருகிறோம். சலான் கையில் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது தொகையை. அதற்கு முன் அதில் அச்சாகியிருக்கும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு எண்ணைப் பாருங்கள். கட்டி முடித்துவிடலாமா, லைசென்ஸுக்கு ஆபத்தா, கோர்ட் வாசலை மிதித்தே ஆகவேண்டுமா என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளை ஸ்கூட்டர். ஹெல்மெட் போடவில்லை என்று 1,000 ரூபாய்க்குக் கேமரா சலான் வந்திருக்கிறது. படத்தில் இருப்பதோ கறுப்பு மோட்டார் சைக்கிள். "கோர்ட்டுக்கு அலைய முடியாது, கட்டிவிடு" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
— வாசகி, மயூர் விஹார்

கட்டாதீர்கள். பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்றுதான் பொருள். ஹெல்மெட் குற்றத்துக்கான 194டி பிரிவில் அபராதத்தோடு லைசென்ஸுக்கு மூன்று மாதத் தடையும் உண்டு. செய்யாத குற்றத்துக்கு அந்தச் சுமை எதற்கு?

படத்தைத் தரவிறக்கி நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளேட்டில் இருப்பது உண்மையில் வேறு எண்ணா? அப்படியானால் கேமரா தப்பாகப் படித்திருக்கிறது. 8 என்ற எண்ணையும் 'பி' எழுத்தையும், சுழியத்தையும் 'டி' எழுத்தையும் அது குழப்பிக்கொள்வது சகஜம். இதைத் தீர்ப்பது எளிது. ஆனால் பிளேட்டில் தெளிவாக உங்கள் எண்ணே இருந்தால், யாரோ போலி பிளேட் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அப்போது சலானை விட்டுவிட்டு முதலில் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்குங்கள். அந்த வண்டி நாளை யார் மீதாவது மோதினால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

ஆதாரமாக ஆர்.சி. (வாகனப் பதிவுச் சான்று) நகலும் உங்கள் ஸ்கூட்டரின் நான்கு பக்கப் படங்களும் வேண்டும். சலானில் உள்ள நாள், நேரத்தில் வண்டி வேறெங்கோ நின்றதற்கு ஏதாவது இருந்தால் அதையும் சேருங்கள்: மெட்ரோ பார்க்கிங் சீட்டு, குடியிருப்பின் கேட் கேமராப் பதிவு. கேட் கேமராவில் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். அதனால் இன்றே செயலாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

இவற்றோடு போக்குவரத்து போலீஸுக்கு எழுதுங்கள். சலான் ஏற்கெனவே மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையவழி கோர்ட்) போயிருந்தால் இனி கோர்ட்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கான வி-கோர்ட்ஸ் இணையதளத்தில் தில்லிக்கு இரண்டு துறைகள் தனித்தனியாக இருக்கும். கேமரா நோட்டீஸுக்கு 'நோட்டீஸ் டிபார்ட்மென்ட்', சாலையில் நிறுத்திப் போட்ட சலானுக்கு 'டிராஃபிக் டிபார்ட்மென்ட்'. ஒன்றில் தேடிவிட்டு "என் பெயரில் எதுவும் இல்லை" என்று நிம்மதியடைபவர்கள் நிறையப் பேர், இரண்டிலும் தேடுங்கள். செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. கொடுத்து உள்ளே போனால் அபராதம் கட்டுகிறேன், வழக்காடுகிறேன் என்று இரண்டு வழி காட்டும். உங்களுடையது இரண்டாவது.

அதிவேகச் சலானுக்கு அப்பா 'வழக்காடுகிறேன்' என்று அழுத்திவிட்டார். துவாரகா கோர்ட்டில் தேதி வந்திருக்கிறது. அங்கே என்ன நடக்கும்? வக்கீல் வேண்டுமா? அப்பாவுக்கு இந்தி அவ்வளவாக வராது.
— வாசகர், துவாரகா

தேதியைத் தவறவிடாதீர்கள் என்பதுதான் முதல் விஷயம். சலான் வழக்கு சிக்கலாவது பெரும்பாலும் அங்கேதான். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வாரண்ட் வரை போகலாம். 2,000 ரூபாய் வழக்குக்கு ஜாமீன் கேட்டு நிற்க வேண்டிய நிலை வரும்.

காலையிலேயே போய் அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் காஸ் லிஸ்ட்டில் (அன்றைய வழக்குப் பட்டியல்) வரிசை எண்ணைப் பாருங்கள். உள்ளே மாஜிஸ்திரேட்டின் அலுவலரான ரீடரிடமோ, போலீஸ் தரப்பில் கோர்ட்டிலேயே இருக்கும் நாயப் கோர்ட்டிடமோ வந்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். சலான் அச்சுப்பிரதி, ஆதார், லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். நகல் வேண்டுமென்றாலும் அடுத்த தேதி எப்போது என்றாலும் கேட்க வேண்டியது கோப்பு வைத்திருக்கும் அஹல்மத்தை.

மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். ஆங்கிலத்தில் சொல்லும்படி தயங்காமல் கேட்கலாம். 'ஆம்' என்றால் அன்றே அபராதம், அன்றே முடிவு. பிறகு மேல்முறையீட்டில் தண்டனை அதிகம், சட்டப்படி இல்லை என்று வாதாடலாமே தவிர, "நான் செய்யவே இல்லை" என்று சொல்ல வழியில்லை. 'இல்லை' என்றால் சாட்சி விசாரணைக்கு வேறு தேதி கொடுப்பார்கள். அன்று சலான் போட்ட அதிகாரி வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவரை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம்.

அதிவேக வழக்கில் பிடித்துக்கொள்ள வேண்டிய இடங்கள் சில உண்டு. "பார்த்தால் வேகமாகப் போனதுபோல் இருந்தது" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க 183-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. கருவியால் அளந்திருக்க வேண்டும். அதனால் கருவியின் அங்கீகாரச் சான்றிதழ் அன்றைய தேதியில் நடப்பில் இருந்ததா என்று கேளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்ந்த 167ஏ விதிப்படி அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதே விதி, கேமரா இருப்பதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையைக் கண்ணில் படும்படி வைக்கவும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவும் சொல்கிறது. படம் மின்னணு ஆவணம் என்பதால் அதற்குரிய சான்றிதழும் கோப்பில் இருக்க வேண்டும். முன்பு 65பி என்று எல்லோரும் சொன்னது. 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு.

மறந்தே போகிற ஒன்று 209-ஆம் பிரிவு. அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல் ஆகிய இரண்டிலும், வழக்கு வரலாம் என்று அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தோ பதிவுத் தபாலில் அனுப்பியோ இருக்க வேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் தண்டிக்க முடியாது. ஒரு கண்ணி உண்டு. உங்கள் முகவரி தெரியாததாலோ உங்கள் தவறாலோ தாமதம் ஆனது என்று போலீஸ் காட்டினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆர்.சி.யில் இன்னும் மதுரை முகவரியும் மாற்றிவிட்ட பழைய செல்பேசி எண்ணும் வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாஹனில் திருத்திவிடுங்கள்.

வக்கீல் கட்டாயம் இல்லை, அப்பாவே பேசலாம். ஆனால் குறுக்கு விசாரணை வரை போவதாக இருந்தால் வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு கோர்ட் வளாகத்திலும் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள்.

வெளிப்படையாகவே சொல்கிறோம். வேகமாகப் போனது உண்மை, தொகையைக் குறைத்தால் போதும் என்பது எண்ணமானால், சாட்சி, குறுக்கு விசாரணை என்று நாலைந்து தேதி அலைவதில் லாபம் இல்லை. முதல் தேதியிலேயே ஒப்புக்கொண்டு, முதல் தவறு என்று சொல்லிக் குறைக்கக் கேளுங்கள்.

சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டேன். அங்கேயே கட்டுகிறேன் என்றேன். முடியாது, கோர்ட் சலான் என்றார்கள். லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதை வைத்து ஓட்டலாமா?
— வாசகர், கரோல் பாக்

சலானில் 184 (ஆபத்தான ஓட்டுதல்) என்று இருந்தால் அவர்கள் சொன்னது சரி. சமரசத் தொகை வாங்கிக்கொண்டு முடிக்க 200-ஆம் பிரிவு அனுமதிக்கும் பட்டியலில் 184 இருக்கிறது, ஆனால் கையில் செல்பேசி வைத்து ஓட்டிய குற்றத்துக்கு மட்டும். சிவப்பு விளக்கு, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவை கோர்ட்டில்தான் முடியும்.

சீட்டு விஷயத்தில் கவனம் வேண்டும். 206-ஆம் பிரிவில் இரண்டு விதமான ஒப்புகைச் சீட்டு உண்டு. லைசென்ஸைத் தடை செய்ய அனுப்புவதற்காக அல்லாமல் வேறு காரணத்துக்கு எடுத்திருந்தால், சீட்டில் குறித்த தேதி வரை அதைக் காட்டி ஓட்டலாம். ஆனால் 2019 திருத்தத்தில் வந்த உட்பிரிவு 4-இன்படி, லைசென்ஸைத் தடை செய்ய அனுப்புவதற்காக எடுத்திருந்தால், அது திரும்பக் கைக்கு வரும்வரை ஓட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 183 (அதிவேகம்), 184, 185 (மது அருந்தி ஓட்டுதல்), ஹெல்மெட் எல்லாம் இந்த வகை. மீறினால் 5,000 ரூபாய்க்கு இன்னொரு சலான் காத்திருக்கிறது.

நண்பர் ஒருவர் மது அருந்தி ஓட்டியதாகப் பிடிபட்டார். இருமல் மருந்துதான் குடித்தேன் என்கிறார். கோர்ட்டில் எடுபடுமா?
— வாசகர், ஆர்.கே. புரம்

வெறும் வாய்ப்பேச்சாக எடுபடாது. 185-ஆம் பிரிவின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இருமல் மருந்தோ மவுத்வாஷோ வாயில் விட்டுச்செல்லும் ஆல்கஹால் சுமார் 15 நிமிடத்தில் போய்விடும். அதனால் அவர் அந்த இடத்திலேயே, கால் மணி கழித்து மூச்சுப் பரிசோதனைக் கருவியில் புதிய குழல் மாட்டி மறுபடி ஊத வைக்கும்படி கேட்டிருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது: கருவி கொடுத்த அச்சுச் சீட்டின் நகலை வாங்கி அளவு, நேரம், கருவி எண் ஆகியவற்றைப் பாருங்கள். அந்தக் கருவியை எப்போது சரிபார்த்தார்கள் என்று கோர்ட்டில் கேளுங்கள். கைது செய்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இல்லையேல் காவலிலிருந்து விட்டிருக்க வேண்டும். ஊத மறுத்திருந்தால், 205-ஆம் பிரிவின்படி அதுவே அவருக்கு எதிராகப் போகும்.

முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பத்தாயிரத்தைக் கட்டி முடித்துவிடலாம் என்று வக்கீல் இல்லாமல் போய்த் தலையாட்டிவிடாதீர்கள். அது குற்றத் தீர்ப்பு. வேலைக்கும் விசாவுக்கும் நிரப்பும் படிவங்களில் சொல்ல வேண்டிவரும். உண்மையிலேயே குடித்திருந்தால் ஒப்புக்கொள்வதே சரி, ஆனால் தண்டனை பற்றிப் பேச ஒரு வக்கீலோடு போகட்டும்.

காரை இரண்டு வருடம் முன்பு காஜியாபாத்தில் ஒருவருக்கு விற்றேன். அவருடைய சலான்கள் எல்லாம் எனக்கு வருகின்றன.
— வாசகர், ஜனக்புரி

ஆர்.சி. மாறவில்லை, சட்டத்தின் கண்ணில் இன்னும் நீங்கள்தான் உரிமையாளர். உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் விபத்து இழப்பீட்டுக்கே இப்படித்தான் சொன்னது. விற்பனை ஒப்பந்தம், டெலிவரி ரசீது, பணம் வந்த வங்கிக் கணக்குப் பக்கம், வாங்கியவரின் முகவரி ஆகியவற்றோடு போலீஸுக்கு எழுதுங்கள். ஓட்டியவர் யார் என்று கேட்டால் சொல்வது 133-ஆம் பிரிவின்படி உங்கள் கடமை. இங்கே அதுவே உங்களுக்கு உதவும். அதோடு ஆர்.டி.ஓ.விடம் விற்றதைப் பதிவு செய்யுங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள், வெளி மாநிலமென்றால் 45 நாள் என்பது கெடு. தாமதமானாலும் செய்துதான் ஆகவேண்டும். இல்லையேல் சலான் நிற்காது.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பாதித் தொகையில் முடியுமாமே?
— வாசகி, ரோகிணி

குறையும், ஆனால் பாதி என்று உறுதி கிடையாது. தேசிய லோக் அதாலத்துக்குச் சில நாள் முன்பு தில்லி போக்குவரத்து போலீஸ் தளத்தில் இணைப்பு திறக்கும். ஒரு நாளைக்கு இத்தனை சலான் என்று வரம்பு இருப்பதால் திறந்த நேரத்திலேயே உட்கார்ந்து சலானைத் தரவிறக்கி அச்செடுங்கள். அச்சுப்பிரதியில் உள்ள கோர்ட் வளாகத்துக்கு, அதில் உள்ள நேரத்தில் போங்கள். அங்கே அச்செடுக்க வசதி எதிர்பார்க்காதீர்கள். சமரசத்துக்கு உரிய சலான்கள்தான் அங்கே எடுபடும். மது வழக்கு போகாது. முடிவுக்கு மேல்முறையீடும் இல்லை. மயூர் விஹார் வாசகியைப் போல் செய்யாத குற்றமானால் அது உங்களுக்கான இடமல்ல.

சலான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. திறக்கலாமா?
— வாசகர், மெஹ்ரோலி

ஏ.பி.கே. கோப்பானால் (செல்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) தொடாதீர்கள், வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி அது. வண்டி எண்ணை நீங்களே பரிவாஹன் இ-சலான் தளத்தில் போட்டுப் பாருங்கள். தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிய வேண்டும். தவறித் திறந்திருந்தால் செல்பேசியின் இணையத்தை உடனே அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.