போட்டி டூரிங் ரிமோட் காரில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவரிடம் பிளாஸ்டிக் தொட்டி போன்ற சேஸி கொண்ட 1/10 அளவு மின்சார ரிமோட் கார் ஒன்று இருக்கிறது. அதே அளவில் போட்டிக்கென்றே செய்யும் டூரிங் காருக்கு (சாலைக் காரின் பாடியோடு சமதளத்தில் ஓடுவது) பல மடங்கு விலை சொல்கிறார்களே, வடிவமைப்பில் அப்படி என்ன வித்தியாசம், வேகம்தானா என்று கேட்டிருக்கிறார்.

வேகம் இல்லை. உங்கள் காரின் மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றிப் போட்டி காரில் மாட்டினால் நேர்ப்பாதையில் கொஞ்சம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். வித்தியாசம் முழுக்கத் திருப்பங்களில். அதிலும் வளைவில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட, இடது திருப்பத்தில் நடந்துகொள்வது போலவே வலது திருப்பத்திலும் நடந்துகொள்கிறதா, முதல் சுற்றில் இருந்த குணம் ஐந்தாவது நிமிடத்திலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. (இந்த வகைப் பந்தயம் பெரும்பாலும் ஐந்து நிமிடம்.) பல வருடமாக இந்தக் கார்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

90களின் தொடக்கத்தில் டூரிங் கார் என்பது மண் தரையில் ஓடும் பக்கி காருக்குச் சாலைக் காரின் பாடியைப் போட்டதுதான். டாமியாவின் டிஏ01 சேஸி, மான்டா ரே என்ற அவர்களுடைய பக்கியிலிருந்து வந்தது. அங்கிருந்து இன்றைய கார் வரை வந்த பாதையை ஒரே ஒரு பாகத்தை வைத்தே சொல்லிவிடலாம், அது சேஸி தட்டு.

உங்கள் காரில் சேஸி என்பது ஒரு தொட்டி, அதற்குள் எல்லாவற்றையும் போட்டுத் திருகியிருப்பார்கள். போட்டி காரில் அது 2 மி.மீ. சொச்சம் கனமுள்ள கார்பன் ஃபைபர் தட்டு, சிலர் கார்பெட் விரித்த தளத்தில் ஓட்ட அலுமினியத் தட்டு போடுவார்கள். அதற்கு மேலே முன்னிருந்து பின்வரை நடுவில் ஒல்லியாக ஒரு மேல்தட்டு, டாப் டெக் என்போம். இந்த இரண்டும் சேர்ந்துதான் முதுகெலும்பு. முதலில் பார்க்கிறவர்கள் இது எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்றுதான் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் முன்னையும் பின்னையும் இரண்டு கையால் பிடித்துத் துணி பிழிவது போல மெல்ல முறுக்கிப் பாருங்கள், கொடுக்கும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். டயரிடமிருந்து வரும் பக்கவாட்டு விசையில் ஒரு பங்கை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது, இன்னொரு பங்கை இந்தத் தட்டு வாங்கிக்கொள்கிறது. தளத்தில் பிடிப்பு குறைவாக இருந்தால் தட்டு நன்றாக நெளிய வேண்டும், பிடிப்பு அதிகமான கார்பெட்டில் அதே நெளிவு காரைச் சோம்பலாக்கிவிடும். அதனால் டாப் டெக்கில் ஒரு திருகைக் கழற்றுவதோ போடுவதோகூட ஓட்டும்போது கையில் தெரியும்.

இங்கேதான் சிக்கல். தட்டு ஒரு ஸ்பிரிங் என்றால், இடப்பக்கம் முறுக்கினாலும் வலப்பக்கம் முறுக்கினாலும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். ஆனால் காரின் உள்ளே இருக்கும் பொருட்கள் எதுவும் இரண்டு பக்கமும் ஒன்று போல இல்லை. பேட்டரி ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்திருக்கும், மறுபக்கம் மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர், ரிசீவர். ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ முன்னால் ஒரு ஓரத்தில். இவற்றை நேராகத் தட்டில் திருகினால் அந்தந்த இடம் மட்டும் விறைத்துவிடும், பிறகு இடதும் வலதும் எப்படி ஒன்றாக இருக்கும்?

அதற்குச் செய்திருக்கும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சர்வோவை ஒரு தாங்கியில் பூட்டி, அந்தத் தாங்கியை மட்டும் நடுக்கோட்டுக்கு அருகில் தட்டோடு திருகுகிறார்கள். சர்வோவின் உடம்பு தட்டைத் தொடாது, அடியில் ஒரு தாளை நுழைத்து இழுக்கலாம். மோட்டார் தாங்கியும் ஒரே அலுமினியத் துண்டாக, நடுக்கோட்டை ஒட்டியே பிடித்திருக்கும். முன்பெல்லாம் பேட்டரியை நார் டேப்பால் தட்டோடு இறுக்கிக் கட்டுவோம், அப்படிக் கட்டியதும் அந்தப் பக்கம் பலகை மாதிரி ஆகிவிடும். இப்போது பேட்டரி அசையாமலிருக்க முன்னும் பின்னும் தடுப்புகள் மட்டும் வைத்து, நடுவில் மயிரிழை இடைவெளி விடுகிறார்கள். தட்டு நெளிந்தாலும் பேட்டரி அதைத் தடுக்காது. மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பிகள் விறைப்பாக இருந்தால்கூட வம்பு, அதனால் சிலிக்கோன் உறை போட்ட மெத்தென்ற கம்பிதான் போடுவோம்.

அடுத்தது எடை. பெரும்பாலான விதிகளில் குறைந்தபட்ச எடை 1320 முதல் 1350 கிராம், அகலம் அதிகபட்சம் 190 மி.மீ. இன்றைய கார்களும் மின்சாதனங்களும் இந்த எடைக்கும் கீழேயே வந்துவிடுகின்றன, மீதியைப் பித்தளைத் துண்டுகளாகத் தட்டின் மேல், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, இடம் வலம் எடை சமமாகும்படி வைத்து நிரப்பலாம். குறைந்த எடை என்பது இங்கே எடையை எங்கே வைப்பது என்று நாமே முடிவு செய்யக் கிடைக்கும் சலுகை.

சக்தி கடத்துவதிலும் இதே கதைதான். டாமியா டிடி-02 போன்ற தொடக்க நிலைக் கார்களில் நடுவில் ஒரு தண்டு ஓடி நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கும். உறுதியானது, மண் தூசி எளிதில் பாதிக்காது, பழகுவதற்கு நல்ல கார். ஆனால் நீளவாக்கில் சுழலும் தண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் காரைப் பக்கவாட்டில் சற்றே சாய்க்கப் பார்க்கும். போட்டி காரில் மோட்டார் குறுக்கே கிடக்கும், அதிலிருந்து முன்னுக்கு ஒரு பெல்ட், பின்னுக்கு ஒரு பெல்ட். சுழல்வது எல்லாம் சக்கரம் சுழலும் திசைக்கு இணையாகவே சுழல்வதால் பக்கவாட்டுச் சாய்வு வராது.

முன் அச்சில் டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) கிடையாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஸ்பூல் என்ற ஒரே துண்டுதான், இரண்டு முன் சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும். பிரேக்கில் கார் நேராக நிற்கும், வளைவிலிருந்து வெளியே வரும்போது முன்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் ஸ்டீயரிங் நன்றாகத் திரும்பியிருக்கும்போது, சாதாரண மூட்டு வழியாகப் போகும் சுழற்சி ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை வேகமாகி இரண்டு முறை மெதுவாகும். ஸ்பூல் இரண்டு சக்கரத்தையும் கட்டி வைத்திருப்பதால் அது போக்கிடம் இல்லாமல் சக்கரத்தில் கடகடவென்று நடுக்கமாக வரும். அதற்காகத்தான் இரட்டை மூட்டு போட்ட தண்டு: முதல் மூட்டில் வரும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது மூட்டு கழித்துவிடுகிறது. பின்னால் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய கியர் டிஃபரன்ஷியல். 5000 எண் எண்ணெயிலிருந்து (எண் கூடினால் எண்ணெய் கெட்டி) தொடங்கித் தளத்துக்கேற்ப ஏற்றுவார்கள், இறக்குவார்கள்.

கியர் விகிதத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் ஒரு கணக்கு. மோட்டார் தண்டில் இருக்கும் பல்சக்கரம் பினியன், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம் ஸ்பர். ஸ்பர் 96 பல், பினியன் 48 பல், பெல்ட் புல்லிகளின் விகிதம் 2. ஆக 96 வகுத்தல் 48, பெருக்கல் 2, மொத்தம் 4. சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் நான்கு சுற்று. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 20 செ.மீ. என்பதால் மோட்டாரின் ஒரு சுற்றுக்குக் கார் 5 செ.மீ. நகரும். மோட்டார் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றினால் 1000 மீட்டர், அதாவது மணிக்கு 60 கி.மீ. 17.5 டர்ன் மோட்டார் (டர்ன் என்பது மோட்டாருக்குள் கம்பி சுற்றிய எண்ணிக்கை, குறைந்தால் வேகம் கூடும்) ஓடும் வகுப்பில் இதை ஒட்டித்தான் விகிதம் இருக்கும். கட்டுப்பாடில்லாத மாடிஃபைடு வகுப்பின் 4.5 டர்ன் மோட்டாருக்கு இதைவிட மிகப் பெரிய எண் வைக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டார் சூடேறிப் போய்விடும்.

சஸ்பென்ஷனில் எதுவும் நிலையாகப் பூட்டிய அளவாக இல்லை. சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கேம்பர், மேலிருந்து பார்த்தால் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் டோ, சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டர், தரையிலிருந்து உயரம், சக்கரம் கீழே எவ்வளவு தொங்கலாம் என்ற ட்ரூப் எல்லாவற்றையும் மாற்றலாம். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளைப் பிடித்திருக்கும் உலோகத் துண்டுகளுக்கு அடியில் ஷிம் எனும் அரை மி.மீ. மெல்லிய துண்டு ஒன்று வைத்தாலே கார் சாயும் விதம் மாறிவிடும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, இவற்றில் முக்கால்வாசியை ஒரு வருடத்துக்குத் தொடாதீர்கள். கிட் கையேட்டில் இருக்கும் அளவை வையுங்கள், உயரம் 5 முதல் 5.5 மி.மீ., பின் சக்கரத்துக்கு 3 டிகிரி டோ-இன் (முன்பக்கம் உள்நோக்கி). ஷாக் அப்சார்பர் நான்கையும் ஒரே நீளத்தில், ஒரே எண்ணெயில், அழுத்தி விட்டால் நான்கும் ஒரே மாதிரி வெளியே வரும்படி கட்டுங்கள். அதுவே பாதி வேலை.

சரி, இடது வலது என்று இவ்வளவு நேரம் சொல்கிறேனே, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு முறை என் காரின் முன் வலது மூலை ஓரப் பலகையில் பலமாக மோதியது. சஸ்பென்ஷன் கை உடைந்தது, புதியதைப் போட்டுத் திரும்பவும் இறக்கினேன். இடப்பக்கம் திரும்பினால் பின்பக்கம் சறுக்கிச் சுழன்றது, வலப்பக்கம் திரும்பினால் முன்பக்கம் திரும்ப மாட்டேன் என்று வெளியே தள்ளிக்கொண்டே போனது. பின் ஸ்பிரிங்கை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், டயரை மாற்றினேன், அந்த மதியம் முழுக்கப் போயிற்று. ஒரு திருப்பம் சரியானால் இன்னொன்று மோசமானது.

கடைசியில் ஒரு தட்டையான பலகையில் காரை வைத்து, முன் பம்பருக்கு அடியில் சரியாக நடுவில் திருப்புளி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்கினேன். இரண்டு முன் சக்கரமும் ஒன்றாகத் தரையை விட வேண்டும். வலது சக்கரம் முதலில் எழுந்தது, நன்றாகக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எழுந்த பிறகுதான் இடது சக்கரம் அசைந்தது. பாடியைக் கழற்றி டாப் டெக் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன், நான்காவது திருகில் டக்கென்று ஒரு சத்தம், தட்டு தானாக நகர்ந்து உட்கார்ந்தது. திருகு ஓட்டைகள் திருகைவிடக் கொஞ்சம் பெரியவை. மோதிய வேகத்தில் அந்த இடைவெளிக்குள் தட்டுகள் நகர்ந்து, முறுக்கிய நிலையிலேயே இறுகி நின்றுவிட்டன. முன் வலதும் பின் இடதும் எடையில்லாமல் தொங்க, மற்ற இரண்டு சக்கரமும் சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தன. இதைத்தான் ட்வீக் என்கிறோம். காரைப் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன். பழைய ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் போட்டு ஓட்டியபோது இரண்டு திருப்பமும் ஒன்றாக இருந்தன.

உங்கள் பிளாஸ்டிக் தொட்டி காரில் இதே மோதல் நடந்திருந்தால் இது நடந்தே இருக்காது. தொட்டி நகர்வதற்கு இடமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் போட்டி கார் எல்லா வகையிலும் உசத்தி என்று நினைத்து வாங்குகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள். இது அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கார். பெல்ட் இழுவை, பேரிங் சுத்தம், மூட்டுகளில் இருக்கும் சின்ன முள் எங்காவது தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கை போக வேண்டும்.

பாடியைப் பற்றி இரண்டு வரி. மெல்லிய பாலிகார்பனேட், உட்புறமாகப் பெயின்ட் அடிப்பது. வெறும் அழகுக்கென்று நினைக்காதீர்கள், வேகம் கூடியதும் இந்தக் கார்களில் காற்று நிஜமாகவே வேலை செய்கிறது. பாடியைச் சில மி.மீ. முன்னே தள்ளிப் பூட்டினால் ஸ்டீயரிங் கூர்மையாகும், பின்னே தள்ளினால் அமைதியாகும். ஒரு பக்கம் தொங்கலாக மாட்டினால் அதுவும் இடது வலது கணக்கில் வந்து சேரும், அதனால் பாடி கம்பங்களின் உயரத்தை அளந்தே வெட்டுங்கள்.

புதிது வாங்கப் பணம் போதாது, யாரோ ஓட்டிய கார் வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம், இரண்டு மூன்று வருடம் பழைய மாடல் ஒன்றும் மோசமில்லை. வாங்கும் முன் ஷாக்குகளைக் கழற்றிவிட்டு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சேஸியை வைத்து நான்கு மூலையையும் விரலால் தட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. ஆடினால் டாப் டெக் திருகுகளைத் தளர்த்தி மறுபடி வைத்துப் பாருங்கள், அப்புறமும் ஆடினால் தட்டே வளைந்திருக்கிறது, புதுத் தட்டின் விலையைக் கழித்துக் கேளுங்கள். தட்டின் அடிப்பகுதியில் ஓரங்களைப் பாருங்கள், கார்பன் அடுக்குகள் பிரிந்து நார் தெரிந்தால் அந்த இடத்தில் நெளிவு மாறியிருக்கும். பெல்ட்டை விரலால் மெல்லத் தள்ளிக் காரைக் கையில் பிடித்தபடி சக்கரத்தைச் சுற்றுங்கள், ஒரு பக்க ஓரத்தில் மட்டும் உரசினால் டிஃபரன்ஷியலைத் தாங்கும் வளையங்கள் இடமும் வலமும் வெவ்வேறு படியில் இருக்கின்றன என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும், காசு எதுவும் ஆகாது.