ஒரு அரசு மனித உரிமைகளை மதிக்கிறதா என்று ஐ.நா. எப்படிப் பார்க்கிறது?

ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2008 முதல் 193 நாடுகளையும் முறைவைத்து ஆராய்கிறது. ஒரு நாட்டுக்கு மூன்றரை மணி நேரம். முன்னால் மூன்று ஆவணங்கள்: அரசின் சொந்த அறிக்கை, ஐ.நா. அமைப்புகள் திரட்டிய தகவல், தொண்டு நிறுவனங்கள் தந்ததன் சுருக்கம். எந்த அரசும் தன்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதும். அதனால் மூன்றாவதை முதலில் படியுங்கள்.

அப்புறம் மற்ற நாடுகள் பரிந்துரை சொல்லும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. அதை உறுதிப்படுத்தச் சொல்லி, அதாவது அதற்குச் சட்டப்படி கட்டுப்படச் சொல்லி, பல நாடுகள் திரும்பத் திரும்பக் கேட்டும் நடக்கவில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்ததைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் காகிதச் சங்கதி இல்லை. பேரவைக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் பரிந்துரையை ஏற்பதாக அரசு கொடுத்த வாக்கு பதிவாகிறது. அடுத்த சுற்றில் அதையே எடுத்துவைத்துக் கேட்கலாம்.