வரவேற்பறையில் ஒரு பவளத்திட்டு: வாசகர் கேள்வி–பதில்

கடல்நீர்த் தொட்டி பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

எட்டு ஆண்டுகளாக நன்னீர் மீன் வளர்த்து வருகிறேன். இப்போது மூன்றடித் தொட்டியில் பவளங்களுடன் கடல்நீர்த் தொட்டி அமைக்க ஆசை. மூன்றாவது மாடியில் வாடகை வீடு. என்னென்ன கருவிகள் தேவை? பணத்தை எதில் முதலில் போடலாம்?
— வாசகர், வேளச்சேரி

விளக்கிலும் பவளத்திலும் கடைசியாகப் போடுங்கள். தண்ணீரிலும் வெப்பநிலையிலும் முதலில் போடுங்கள். கடைக்குப் போனால் நீல ஒளியில் மின்னும் பவளங்கள்தான் முதலில் கண்ணை இழுக்கும் என்பதால் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் கொண்ட தொட்டி சுமார் 180 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், மணல், கீழே வைக்கும் சம்ப் என்னும் துணைத் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் மொத்த எடை 350 கிலோவை நெருங்கும். அந்த எடை சுமார் நான்கரைச் சதுர அடி இடத்தில் இறங்குகிறது என்பதால், அறையின் நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பதே சரி. வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

நன்னீர்த் தொட்டியில் நீங்கள் பயன்படுத்தியிருக்கக்கூடிய கேனிஸ்டர் ஃபில்டர் இங்கே முதன்மையான வடிகட்டி அல்ல. வாரந்தோறும் கழுவாவிட்டால் அதில் தேங்கும் கழிவே நைட்ரேட்டாகித் தொட்டிக்குத் திரும்பும். பவளத் தொட்டியின் உண்மையான வடிகட்டி, உள்ளே அடுக்கும் துளைகள் நிறைந்த கல்லும் அதில் குடியேறும் பாக்டீரியாக்களும்தான். 1960-களில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த கல்லையும் காற்றுக்குமிழிகளையும் மட்டும் நம்பிப் பவளங்களை உயிருடன் வைத்திருந்தார். பின்னர் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அதே கல்லுடன் வலுவான நீரோட்டத்தையும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். இன்று உலகெங்கும் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் அந்தப் பெர்லின் முறையின் வழிவந்ததே. கடலிலிருந்து கல் எடுப்பதை நம் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதை அடுத்த பதிலில் காண்க. நீங்கள் செயற்கையாக வார்க்கப்பட்ட கல்லையோ பீங்கான் கல்லையோ வாங்கிக்கொள்ளுங்கள். சுமார் 15 முதல் 20 கிலோ போதும்.

ஸ்கிம்மர் என்பது நன்னீரில் நீங்கள் கண்டிராத கருவி. நன்னீரில் குமிழிகள் உடனே ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி வெடித்துவிடும். உப்புநீரிலோ அவை மிக நுண்ணியவையாகவே நிலைக்கும். மீனின் கழிவிலும் மீந்த உணவிலும் உள்ள கரிமப் பொருள்கள் அந்தக் குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, நுரையாக மேலேறிக் கோப்பையில் விழும். கழிவு அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே வெளியேறிவிடுவதுதான் இதன் சிறப்பு. உங்கள் தொட்டியின் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்குக்கு உரியது என்று குறிக்கப்பட்ட ஸ்கிம்மரை வாங்குங்கள். பெட்டியின் மேலிருக்கும் எண் பெரும்பாலும் தாராளமாகவே அச்சிடப்படுகிறது.

சம்ப் தொட்டியில் ஒன்றை மறக்க வேண்டாம். மின்சாரம் நின்றவுடன் மேல்தொட்டியின் நீர் குழாய்களின் வழியே கீழே இறங்கும். அதைத் தாங்கும் வெற்றிடம் சம்ப்பில் இருந்தே தீர வேண்டும். மீன் விடுவதற்கு முன்பே, நீர் நிரப்பிய நாளில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சம்ப் நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பை நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். மூன்றாவது மாடியில் இருப்பவர் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

நீரோட்டத்துக்கு, நீரைச் சுழலவைக்கும் வேவ்மேக்கர்கள் இரண்டு போதும். மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டி நீரைப் போல 15 முதல் 20 மடங்கு நீர் சுழன்றால் நலம். சென்னையில் ஹீட்டரைவிட, நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் அவசியம். அதைப் பற்றி மதுரை வாசகருக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

இறுதியாக, ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் ஏ.டி.ஓ. கருவி. பலர் இதை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தொட்டியிலிருந்து நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும். 180 லிட்டரில் நாளுக்கு 4 லிட்டர் குறைவதாகக் கொண்டால், ஐந்து நாள் நீங்கள் ஊரில் இல்லாதபோது லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39-ஐத் தாண்டிவிடும். ஊர் திரும்பியவுடன் பதறி ஒரே மூச்சில் 20 லிட்டர் நன்னீரை ஊற்றினால், உயிர்கள் இரண்டாவது முறையாக அதிர்ச்சிக்கு உள்ளாகும். ஈடு செய்யும்போது எப்போதும் உப்பில்லாத நீரையே சேர்க்க வேண்டும்.

உப்பளவை அறிய ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, அதற்கென விற்கப்படும் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தைக் கொண்டு சரிபாருங்கள். நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.025 அல்லது 1.026 இருக்கட்டும். விளக்கு இத்தனைக்கும் பிறகுதான். மென்பவளங்களோடு தொடங்குவீர்களானால் நடுத்தர விலை எல்.இ.டி. விளக்கு தாராளமாகப் போதும்.

கடல் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. கடல்நீரையே கொண்டுவந்து ஊற்றலாமா? கரையில் ஒதுங்கும் பவளக் கல்லை எடுத்து அடுக்கலாமா?
— வாசகி, தூத்துக்குடி

கல்லைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை அமைக்கும் வன்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவையும் அந்தப் பட்டியலுக்கு வந்தன. உயிருள்ளதோ, இறந்து கரை ஒதுங்கியதோ, எடுத்து வைத்திருப்பது குற்றம். முதல் அட்டவணை உயிரினங்களுக்கு எதிரான குற்றத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு.

சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. இராமேசுவரத்துக்கும் உங்கள் ஊருக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகளிலிருந்துதான் முன்பு சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் வண்டி வண்டியாகக் கல் வெட்டி எடுக்கப்பட்டது. 1986-இல் அப்பகுதி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. வெட்டப்பட்ட திட்டு மீண்டு எழப் பல தலைமுறைக் காலம் வேண்டும். அதன் கரையில் வசிக்கும் நாம் ஒரு துண்டைக்கூட எடுக்காமல் இருப்பது அதற்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதை.

நீரைப் பொறுத்தவரை, துறைமுகத்தை ஒட்டியும் கழிவுநீரோ உப்பளக் கழிவோ கலக்கும் இடங்களிலும் எடுக்காதீர்கள். படகில் செல்லும் உறவினரோ தெரிந்தவரோ இருந்தால், கரையிலிருந்து விலகிய தெளிந்த நீரை, மழை பெய்யாத நாளில் கேனில் எடுத்துவரச் சொல்லுங்கள். அதை மூடிய இருண்ட இடத்தில் சில நாள் வைத்திருந்து, தெளிந்ததை இறுத்து, உப்பளவைச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது கரையோர நீரின் உப்பு கணிசமாகக் குறையும். இத்தனை உழைப்பையும் எண்ணிப் பார்க்கையில், செயற்கைக் கடல் உப்பை வாங்கிக் கலப்பதே எனக்கு எளிதாகத் தோன்றுகிறது. 200 லிட்டருக்கு ஏழு முதல் எட்டு கிலோ வரை ஆகும். சமையல் உப்பு இதற்கு மாற்றாகாது. அதில் சோடியம் குளோரைடு இருக்குமே தவிர, பவளத்துக்குத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் காரத்தன்மையும் இரா.

எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. அது இனிப்பான, உப்பில்லாத நீர். சமையலறையில் ஆர்.ஓ. கருவியும் உண்டு. இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தி உப்பைக் கலக்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

சிறுவாணி நீர் குடிப்பதற்குச் சிறந்தது என்பதில் மறுப்பில்லை. ஆயினும் குழாய்க்கு வரும் முன் குளோரின் சேர்க்கப்படுகிறது. சிலிக்கேட், பாஸ்பேட் போன்றவை சிறிதளவு இருந்தாலும் அவை பவளத் தொட்டியில் பாசிக்கு உரமாகிவிடும்.

சமையலறைக் கருவியில் வேறொரு சிக்கல். அவற்றில் பல, வடிகட்டிய நீரோடு சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் கலக்கின்றன. சில வகைகள் செம்பையும் சேர்க்கின்றன. மனிதருக்கு நல்லது என்று விளம்பரப்படுத்தப்படும் அந்தச் செம்பு, பவளங்களுக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு நெடுநாள் கசியவிடும் என்பதால், ஒருமுறை நேர்ந்த தவறு எளிதில் தீராது. தாது கலக்கும் பகுதி இல்லாத ஆர்.ஓ. கருவியின் பின்னால் மிஞ்சிய தாதுக்களையும் நீக்கும் டி.ஐ. பிசின் குழல் ஒன்றை இணைத்து, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூச்சியம் காட்டும் நீரை மட்டும் பயன்படுத்துங்கள். பூச்சியம் ஏறத் தொடங்கினால் பிசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஆறு மாதம் அழகாக இருந்த பவளங்கள் மே மாதத்தில் ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டன. விளக்கை மாற்ற வேண்டுமா?
— வாசகர், மதுரை

விளக்கைவிட வெப்பத்தின் மீதே எனக்கு ஐயம். நீங்கள் நீரின் வெப்பநிலையை எழுதவில்லை. மே மாதத்து மதுரையில் குளிரூட்டப்படாத தொட்டி 31, 32 டிகிரியை எளிதில் தொடும். பவளத்தின் நிறமும் உணவின் பெரும்பங்கும் அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியால் வருபவை. நீர் நெடுநேரம் சூடாக இருந்தால் அந்தப் பாசி பவளத்துக்கே தீங்கு செய்யத் தொடங்கும். பவளம் அதை வெளியேற்றிவிடும். அப்போது வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016 கோடைகளில் இதுவே பெரிய அளவில் நிகழ்ந்தது.

வெளுத்த பவளம் அந்தக் கணமே இறந்ததாகாது. திசு இன்னும் இருந்தால் மீளும் வாய்ப்பு உண்டு. விளக்கின் ஒளியைப் பாதியாகக் குறையுங்கள். வெப்பத்தை நாளுக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக 26-க்குக் கொண்டுவாருங்கள். பனிக்கட்டி போட்டு ஒரே மணி நேரத்தில் இறக்க வேண்டாம்.

நிலையான தீர்வு சில்லர்தான். நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறு மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி வரை குறைக்கும். உங்கள் ஊரின் வறண்ட காற்றில் நன்றாகவே வேலை செய்யும், சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவு பயன் தராது. ஒரு கோடையை விசிறியை மட்டும் நம்பிக் கடக்கலாம் என்று எண்ணி, நான்கு ஆண்டுகள் வளர்த்த ஒரு தோல் பவளத்தை நான் இழந்திருக்கிறேன். அந்த வலியால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சில்லரைத் தொட்டியின் கீழ் அலமாரிக்குள் அடைக்காதீர்கள். அது வெளியேற்றும் சூடு வெளியேற வழி வேண்டும்.

தொட்டி அமைத்துப் பத்து நாள் ஆகிறது. நீர் பளிங்குபோல் இருக்கிறது. கோமாளி மீன் விடலாமா?
— வாசகி, புதுச்சேரி

இன்னும் பொறுங்கள். நீரின் தெளிவு எதையும் உறுதி செய்யாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதால் அம்மோனியாவின் நச்சுத்தன்மை நன்னீரில் இருப்பதைவிட இங்கே கூடுதல். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து பூச்சியமாக இருந்த பிறகு மீன் விடுங்கள். அதற்கிடையில் மணலில் பழுப்பு நிறப் படலம் வரும். அது டையாட்டம் பாசி, சில வாரங்களில் தானே அடங்கும்.

கோமாளி மீன் வாங்கும்போது பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இம்மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணைக் குஞ்சு தொட்டி வாழ்வுக்கும் உலர் உணவுக்கும் பழகியதாக இருக்கும். கடலில் இம்மீன் அண்டி வாழும் கடல் சாமந்தி (அனிமோன்) தொட்டியில் கட்டாயமில்லை.

ஒரு கல்லில் பொத்தான் பவளங்கள் கட்டுக்கடங்காமல் பரவிவிட்டன. கல்லை எடுத்துக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?
— வாசகர், திருச்சி

எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் மிகக் கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தால் ஆவியோடு கலந்து மூச்சில் ஏறும்; வெளிநாடுகளில் குடும்பம் முழுவதும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. கல்லை நீருக்குள் வைத்தபடியே, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சிறு பகுதியாகப் பிரித்தெடுங்கள். துலக்குப் பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டாம், பீய்ச்சி அடிக்கவும் வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

புயல் நாள்களில் மின்சாரம் இரண்டு மூன்று நாள் போய்விடுகிறது. என்ன செய்வது?
— வாசகி, கடலூர்

முதலில் தீர்வது ஆக்சிஜன்தான். அசைவற்ற நீரில் மீன்கள் சில மணி நேரத்திலேயே தவிக்கத் தொடங்கலாம். ஆகவே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் இரண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு வேவ்மேக்கரை மட்டும் அதில் இணையுங்கள், அது குறைந்த வாட்டில் நெடுநேரம் ஓடும். விளக்கு இல்லாமல் பவளங்கள் மூன்று நாள் தாங்கும். உணவு போடுவதை அடியோடு நிறுத்துங்கள். புயல் காலம் வெப்பம் குறைந்த காலம் என்பதால் சில்லர் இல்லாததும் அப்போது பெரிதாகப் பாதிக்காது. மின்சாரம் திரும்பியதும் ஸ்கிம்மர் கோப்பை பொங்கி வழியலாம். அதன் அருகில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். அன்றே பத்து சதவீத நீரை மாற்றலாம் என்பதால், புயல் எச்சரிக்கை வரும்போதே 20 லிட்டர் உப்புநீரைக் கலந்து மூடி வையுங்கள்.