கிட்டார் ஆம்பின் டோன் மேம்பட எந்த டியூப்களை மாற்ற வேண்டும்?

ஸ்பீக்கரை இயக்கும் இரண்டு 6எல்6 பவர் டியூப்களும் (வெற்றிடக் குழாய்கள்), அவற்றுக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் சில 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்ப் டியூப்களும் உள்ள காம்போ ஆம்பை (ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருப்பது) வைத்திருப்பதாகவும், வால்யூமைச் சற்றுத் திருப்பினாலே ஒலி கரகரத்துக் காதைக் குத்துவதாகவும், எல்லா டியூப்களையும் ஒரேயடியாகப் பழைய முல்லார்டு, டெலிஃபங்கன் நிறுவன டியூப்களாக மாற்றினால் டோன் மேம்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு மேம்படக்கூடும். ஆனால் அப்படிச் செய்தால் செலவில் பெரும்பகுதி, மாற்றம் காதில் விழவே விழாத சாக்கெட்டுகளுக்குப் போய்ச் சேரும். எந்த நிறுவனத்தின் டியூப் என்பதைவிட, அது எந்த சாக்கெட்டில் என்ன வேலை செய்கிறது என்பதும், அங்கே எந்த வகை டியூப் இருக்கிறது என்பதும்தான் ஒலியை அதிகம் தீர்மானிக்கின்றன.

கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்கும் டியூபைத்தான் வி1 என்கிறோம். அங்கே நேரும் சிறு மாற்றமும் இரைச்சலும் பின்னால் வரும் ஒவ்வொரு கட்டத்திலும் பெருகுவதால், ப்ரீஆம்ப் டியூப்களுக்காக ஒதுக்கும் பணத்தை முதலில் இங்கேதான் செலவிட வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு சானல்களும் ரிவெர்பும் (எதிரொலி போன்ற விளைவு) கொண்ட பழைய ஃபெண்டர் அமைப்பில் வி1 என்பது நார்மல் சானலுக்கு உரியது. ரிவெர்ப் உள்ள சானலின் முதல் டியூப் வி2தான். ரிவெர்ப் சானலில் மட்டும் வாசிப்பவர் விலை உயர்ந்த டியூபை வி1இல் செருகிவிட்டு வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருந்தால், அது கற்பனையில் மட்டுமே கேட்கும். ஆகவே உங்கள் ஆம்பின் டியூப் வரைபடத்தை முதலில் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் குறைக்கு என் முதல் பரிந்துரை, அந்த இடத்தில் வேறு நிறுவனத்தின் 12ஏஎக்ஸ்7ஐப் போடுவதன்று; வேறு வகை டியூபையே போட்டுப் பார்ப்பது. ஈசிசி83 என்றும் அழைக்கப்படும் 12ஏஎக்ஸ்7இன் பெருக்கக் காரணி (சிக்னலை எவ்வளவு பெருக்க வல்லது என்பதன் அளவு) 100. அதே பின் அமைப்பில் செருகக்கூடிய 5751க்கு அது 70; 12ஏடி7க்கு 60; 12ஏஒய்7க்கு ஏறத்தாழ 45; 12ஏயூ7க்கு 20ஐ ஒட்டி இருக்கும். எண் பாதியானால் ஒலியளவும் பாதியாகிவிடும் என்று பொருளல்ல. முதல் கட்டத்தின் பெருக்கம் குறையும்போது அடுத்த கட்டங்கள் முன்போல ஓங்கித் தள்ளப்படுவதில்லை. அதனால் டிஸ்டார்ஷன் தொடங்கும் இடம் வால்யூம் குமிழில் மேலே நகர்கிறது, இரண்டிலேயே கரகரத்த ஆம்ப் நான்கு ஐந்து வரை தெளிவாக ஒலிக்கிறது, மென்மையாகவும் அழுத்தியும் மீட்டுவதன் வேறுபாடும் விரலுக்குத் தெரியத் தொடங்குகிறது. 1950களின் இறுதியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்பின் முதல் சாக்கெட்டில் 12ஏஒய்7தான் இருந்தது என்பதை நினைவில் கொண்டால், இது ஏதோ குறுக்கு வழி அன்று என்பது விளங்கும். டிஸ்டார்ஷன் உங்களுக்குப் பிடித்திருந்து, அதன் மேல் விளிம்பில் உள்ள கூர்மையை மட்டும் தணிக்க விரும்பினால், 5751ஓடு நிறுத்திக்கொள்ளலாம். 12ஏடி7, 12ஏயூ7 ஆகியவை வேறு மின்னோட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. 12ஏஎக்ஸ்7க்காகக் கணக்கிட்ட சுற்றில் அவை வேலை செய்யும் என்றாலும், ஒலி சற்று உயிரற்றுப் போவதாகவே என் காதுக்குப் படுகிறது.

ரிவெர்பை இயக்கும் சாக்கெட்டில் 12ஏடி7 இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே தேவைப்படுவது மின்னோட்டம், அதை 12ஏஎக்ஸ்7ஆல் அந்த அளவுக்குத் தர இயலாது. பவர் டியூப்களுக்கு முன்னால் சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரித்துத் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை, டியூபின் இரு பாதிகளும் சமநிலையில் இருப்பது நல்லது என்பதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. ஒலியளவை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ விளைவுக்கான டியூபின் வழியே பெரும்பாலான ஆம்ப்களில் ஒலி செல்வதே இல்லை. அது பழுதாகாத வரை அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

பவர் டியூப்களின் கதை வேறு. ப்ரீஆம்ப் டியூப்கள் பல ஆண்டுகள் உழைக்கும். பவர் டியூப்கள் தேய்பவை. அடித்தொனி தொளதொளத்து, மேல் ஸ்வரங்கள் மங்கி, ஆம்பின் வலு குறைந்தது போலத் தோன்றினால், அவற்றின் ஆயுள் முடிந்திருக்கலாம். அவற்றை எப்போதும் மேட்ச் செய்த ஜோடியாகவே வாங்க வேண்டும். இரண்டும் சமமான மின்னோட்டத்தை இழுத்தால்தான் இரண்டு டியூப்களும் மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் அமைப்பில் மின்சார இரைச்சலின் ஒரு பகுதி தானே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். வாசிக்காதபோது பவர் டியூபில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் அமைப்பே பயஸ். அது தானாகச் சரியாகாத ஃபிக்ஸட் பயஸ் வகை ஆம்பாக இருந்தால் புதிய ஜோடியைச் செருகிய பின் பயஸை அளந்து சரிசெய்தே ஆக வேண்டும். கணக்கு எளிது: 6எல்6இன் ஒரு வகையான 6எல்6ஜிசி டியூபின் பிளேட் (உள்ளே இருக்கும் தகடு) தாங்கக்கூடிய உச்சம் 30 வாட், வாசிக்காமல் இருக்கும் நிலையில் அதில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம், அதாவது 21 வாட், பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு டியூபுக்குச் சுமார் 46 மில்லிஆம்பியர். இதற்கு மிகக் குறைவாக வைத்தால் ஒலி மெலிந்து கரகரக்கும். உங்கள் புகாருக்கு இதுவே காரணமாக இருக்கவும் கூடும். மிக அதிகமாக வைத்தால் இருட்டில் பார்க்கும்போது டியூபுக்குள் உள்ள சாம்பல் நிறத் தகடே மங்கிய சிவப்பாக ஒளிரும். அப்படிக் கண்டால் உடனே ஆம்பை அணைத்துவிட வேண்டும். ஆனால் அளவெடுக்கும் இடத்தில் 400 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் இருக்கிறது, ஆம்பை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்கள் அதை வைத்திருக்கும். உயிருக்கே ஆபத்து என்பதால், பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே முறை.

6எல்6க்குப் பதிலாக ஈஎல்34 என்ற வேறு வகைப் பவர் டியூபைச் செருகினால் பிரிட்டிஷ் ஆம்ப்களின் நடுத்தொனி கிடைக்குமே என்று பலர் ஆசைப்படுவதுண்டு. இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றுதான் என்றாலும், சூடேற்றும் இழைக்கு 6எல்6 0.9 ஆம்பியர் எடுத்துக்கொள்ள, ஈஎல்34 1.5 ஆம்பியர் கேட்கும்; டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்பது முதல் கேள்வி. ஈஎல்34இன் முதல் பின்னில் சப்ரெஸர் கிரிட் என்ற உட்பாகம் இணைந்துள்ளது, 6எல்6இலோ அந்தப் பின்னுக்கு வேலை இல்லை. அதனால் சில ஆம்ப்களில் அந்த இடத்தை வேறு ரெசிஸ்டர்களைப் பற்றவைக்கும் புள்ளியாகப் பயன்படுத்தியிருப்பார்கள். இரண்டு வகைக்கும் பொருந்தும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருந்தாலொழிய இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய முல்லார்டும் இன்று அதே பெயரில் புதிதாக விற்கப்படுவதும் ஒன்றல்ல. முல்லார்டு, டங்-சோல் ஆகிய பெயர்களில் வரும் இன்றைய டியூப்கள் ரஷ்யாவின் சராத்தோவ் நகரத் தொழிற்சாலையிலிருந்து வருபவை. இவற்றோடு ஸ்லோவாகியாவின் ஜேஜே நிறுவன டியூப்களும் சீனத் தயாரிப்புகளும் சேர்ந்துதான் இன்றைய சந்தையின் பெரும்பகுதி. பல விற்பனையாளர்கள் இவர்களிடம் வாங்கி, சோதித்துத் தரம் பிரித்துத் தங்கள் முத்திரையைக் குத்துகிறார்கள்; அந்தச் சோதனைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீணன்று. பழைய டியூப்களின் மேல் உள்ள எழுத்தை அழித்துப் போலியாக அச்சிடுவது எளிது என்பதால், அளவீட்டுச் சான்று இல்லாமல் அவற்றை வாங்காதீர்கள்.

எந்த டியூபை வாங்கினாலும், ஆம்பை வாசிக்கும் அளவில் வைத்து, ப்ரீஆம்ப் டியூப்களை ஒவ்வொன்றாகப் பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மெல்லிய ‘டொக்’ கேட்பது இயல்பு. ‘ணங்’ என்று ஒலித்து அது நீடித்தால், அந்த டியூபை வி1இல் வைக்கக் கூடாது. ஸ்பீக்கரும் டியூபும் ஒரே பெட்டியில் அதிரும் காம்போவில் அது விரைவிலேயே ஊளையிடத் தொடங்கும்.

ஆகவே இருக்கும் டியூப்களின் பயஸை முதலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பவர் டியூப்கள் தேய்ந்திருந்தால் இன்றைய தயாரிப்பில் மேட்ச் செய்த ஒரு ஜோடி போதும். அடுத்து ஒரு 5751, ஒரு 12ஏஒய்7 இரண்டையும் வாங்கி, நீங்கள் வாசிக்கும் சானலின் முதல் சாக்கெட்டில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றுடனும் சில நாட்கள் வாசித்துப் பாருங்கள். டியூபைக் கழற்றும் முன் ஆம்பை அணைத்து ஆற விடுங்கள்; ஒரு நேரத்தில் ஒரு டியூபை மட்டும் மாற்றுங்கள், இல்லையேல் எது என்ன செய்தது என்று தெரியாது. இதற்குப் பிறகும் காதைக் குத்தினால், அடுத்த டியூபுக்கான பணத்தை ஸ்பீக்கருக்குச் சேர்த்து வையுங்கள்; அது தரும் மாற்றத்தை எந்த 12ஏஎக்ஸ்7ஆலும் தர முடியாது. கழற்றிய டியூப்கள் நல்ல நிலையில் இருந்தால், எந்த சாக்கெட்டிலிருந்து எடுத்தது என்று அட்டைப்பெட்டியின் மேல் எழுதி உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.