வெள்ளிக்குள் அனுப்ப 'பை'யா, 'வித்தின்'னா?

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்திருக்கிறேன். 'சாம்பிளை வித்தின் ஃப்ரைடே அனுப்புகிறோம்' என்று பையருக்கு எழுதினேன். மேலாளர் அதை 'பை ஃப்ரைடே' என்று திருத்தினார். அடுத்த மெயிலில் 'டில் ஃப்ரைடே' என்று எழுதினேன், அதையும் மாற்றிவிட்டார். 'பை' எங்கே வரும்?
- வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் மேலாளர் திருத்தியது இரண்டு முறையும் சரி. 'வெள்ளிக்குள்' என்று மனதில் ஓடும்போது, அந்த 'உள்'ளுக்குக் கை தானாக 'வித்தின்' போட்டுவிடுகிறது. ஆனால் 'வித்தின்' கேட்பது காலத்தின் அளவை: வித்தின் டூ டேஸ், வித்தின் ஒன் அவர். கெடுவாக ஒரு கிழமையையோ மணியையோ சொன்னால் 'பை'தான்.

'டில்', 'அன்டில்' இரண்டும் நம் 'வரைக்கும்'. வினைச்சொல்லைப் பார்த்தால் குழப்பம் தீரும். அனுப்புவது, முடிப்பது, வந்து சேர்வது எல்லாம் ஒரு தடவையில் முடிகிற காரியங்கள், 'பை' போடுங்கள். காத்திருப்பது, தங்குவது நீடிப்பவை, 'அன்டில்' போடுங்கள். 'ஐ வில் பி இன் தி ஆபீஸ் பை சிக்ஸ்' என்றால் ஆறு மணிக்குள் வந்துவிடுவேன். 'அன்டில் சிக்ஸ்' என்றால் ஆறு வரைக்கும் இருப்பேன். ஐந்தரைக்கு போன் செய்கிற பையருக்கு, முதல் வாக்கியத்தை நம்பினால் நீங்கள் கிடைக்காமல் போகலாம்.

எதிர்மறையில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். 'வி கான்ட் ஷிப் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்குள் முடியாது. பிறகு எப்போது என்பதற்கு அதில் பதில் இல்லை. 'வி கான்ட் ஷிப் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரும்வரை முடியாது. வெள்ளியன்று சரக்கு கிளம்பிவிடும் என்றே பையர் எடுத்துக்கொள்வார். சரக்கு அன்றும் தயாராகாது என்றால் இந்த வாக்கியத்தை எழுதவே எழுதாதீர்கள்.

'பை ஃப்ரைடே'யில் வெள்ளியும் அடங்கும். 'பிஃபோர் ஃப்ரைடே' வியாழனோடு முடிந்துவிடும். வெள்ளி எத்தனை மணிவரை என்பது அடுத்த சிக்கல். லண்டனில் கோடைக்கால மாலை 5 மணி, நமக்கு இரவு 9.30. அதனால் தேதி, மணி, எந்த ஊர் நேரம் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், பணத்துக்குப் பையரின் வங்கி தரும் உத்தரவாதம்) என்றால் இன்னும் கவனம் வேண்டும். எல்.சி.க்கான சர்வதேச விதிகளான, 2007 முதல் நடப்பிலுள்ள யூ.சி.பி. 600-இன்படி, ஷிப்மென்ட் காலத்தைச் சொல்லும்போது 'டில்', 'அன்டில்' இரண்டிலும் குறிப்பிட்ட நாள் சேரும். 'பிஃபோர்' போட்டால் சேராது. 'ஆன் ஆர் அபவுட்' என்றால் அந்தத் தேதிக்கு 5 நாள் முன்பிருந்து 5 நாள் பின்பு வரை. அந்த விளக்கத்தில் 'பை' இல்லை. எனவே எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதிக்கென்றே உள்ள 44சி கட்டத்தில் அதைத் தேதியாகவே போட்டு வாங்குங்கள்.

விலை பேசும்போது 'பை'க்கு வேறு வேலை: எவ்வளவு கூடியது, குறைந்தது என்று சொல்வது. பீஸ் 4 டாலர் என்று வையுங்கள். 'ரெட்யூஸ்ட் பை 50 சென்ட்ஸ்' என்றால் புது விலை 3.50 டாலர். 'பை' இருக்க வேண்டிய இடத்தில் 'டு' விழுந்தால், பீஸே 50 சென்ட் என்று எழுதிக்கொடுத்ததாகிவிடும்.