பாலோ ஆல்டோ தானா ரீபூட் ஆகுது – பவர் சப்ளையை விட்ருங்க

ப்ரோ, ஒரே ராத்திரில மூணு தடவை உங்க பாலோ ஆல்டோ ஃபயர்வால் பாக்ஸ் தானா ரீபூட் ஆகி கடைசில மெயின்டனன்ஸ் மோட்ல (ட்ராஃபிக் எதையும் விடாம, ரிப்பேருக்கு மட்டும் எந்திரிக்கற நிலை) போய் உக்காந்துடுச்சுன்னு எழுதிருக்கீங்க, பவர் சப்ளையும் மாத்திட்டீங்க. அது மேல தப்பில்ல. நீங்க சொன்ன பான்-ஓஎஸ் (அந்த ஃபயர்வாலோட சாஃப்ட்வேர்) 11.1.4, கூடவே டிஎன்எஸ் செக்யூரிட்டி லைசன்ஸ், அதோட லாகிங்கும் ஆன்ல இருக்கு, இது மூணும் சேந்தா எனக்கு முதல்ல தோணுறது 2024 டிசம்பர்ல வெளியான சிவிஇ-2024-3393ங்கற பாதுகாப்பு ஓட்டைதான். வெளிய இருக்கறவன் லாகின் எதுவும் இல்லாம தப்பா செஞ்ச ஒரு டிஎன்எஸ் பாக்கெட்டை ஃபயர்வால் வழியா அனுப்பினா போதும், பாக்ஸ் விழுந்து எந்திரிக்கும், திரும்பத் திரும்ப அனுப்புனா நேரா மெயின்டனன்ஸ் மோட், அப்புறம் கன்சோல் கேபிளோட நாமதான் ஓடணும் (அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வரும், அது என்ன ராசியோ).

11.1.5 இல்ல அதுக்கு மேல போங்க, சரியாயிடும். டவுன்டைம் கிடைக்க லேட் ஆகும்னா இப்போதைக்கு ஆன்டி-ஸ்பைவேர் ப்ரொஃபைல்ல டிஎன்எஸ் பாலிசிஸ் டேப் போய், டிஎன்எஸ் செக்யூரிட்டிக்குக் கீழ இருக்கற ஒவ்வொரு கேட்டகரிக்கும் லாக் சிவியாரிட்டிய 'நன்'னு (None) மாத்தி கமிட் (மாத்தினத அமலுக்குக் கொண்டுவர்ற பட்டன்) குடுங்க. ஒண்ணு விட்டாலும் பிரயோஜனம் இல்ல. டீஃபால்ட் ப்ரொஃபைல எடிட் பண்ண விடாது, க்ளோன் பண்ணி அதை ரூல்ல மாட்டணும், நான் இத மறந்துட்டு அரை மணி நேரம் முழிச்சேன். அப்கிரேட் முடிஞ்சதும் மறக்காம பழைய செட்டிங்குக்கு மாத்திடுங்க, இல்லன்னா டிஎன்எஸ் லாகே வராது.

மாத்தின பிறகும் விழுந்தா டெக் சப்போர்ட் ஃபைல் (பாக்ஸோட லாக், செட்டிங் எல்லாம் சேந்த ஃபைல்) எடுத்து பாலோ ஆல்டோ சப்போர்ட்ல கேஸ் போடுங்க.