செங்கல்லில் பதிந்த விரல்கள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான்கு ஆண்டுகளாக அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரில் வேலை பார்க்கிறேன். தங்கள் தென் கரோலினா பயணக் கட்டுரையைப் படித்தேன். சென்ற மாதம் திருவாரூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். வண்ண வீடுகள், குதிரை வண்டிகள், புனித மைக்கேல் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் எல்லாவற்றையும் பார்த்து மகிழ்ந்தார்கள். தங்கள் கட்டுரையிலோ பத்திக்குப் பத்தி அடிமைகளின் கதைதான். அடிமை முறை முடிந்து 160 ஆண்டுகள் ஆகிவிட்டன. அழகான ஊரை அழகுக்காகப் பார்க்கக் கூடாதா? இன்னொன்று: பழைய சுவர்களில் இரும்பு வட்டுகள் எதற்கு என்று அப்பா கேட்டார். நெல் விவசாயி, எதையும் விடாமல் கேட்பார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில். 1886 ஆகஸ்ட் 31 இரவு அந்த ஊரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. விரிசல் விட்ட சுவர்களை இழுத்துப் பிடிக்க, வீட்டுக்குக் குறுக்கே நீண்ட இரும்புக் கம்பிகளைச் செலுத்தி முனைகளில் வட்டு வைத்து முடுக்கினார்கள். வெளியே தெரிவது அந்த முனைகள்தான். சிலவற்றைச் சிங்கமுகம் போலவும் செய்திருக்கிறார்கள்.

அதே சுவரில் இன்னொன்றும் இருக்கிறது. பழைய தெருக்களில் பூச்சு இல்லாத செங்கல் சுவரைக் கண்டால் நின்று, முகத்தை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வெயில் சாய்வாக விழும் மாலை நேரம் நல்லது. ஏதோ ஒரு கல்லில் இரண்டு மூன்று சிறு குழிகள் வரிசையாகத் தெரியும். அவை விரல் தடங்கள். அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கல்லைக் காயப் போட்டு, இறுகுவதற்குள் புரட்டிவிட வேண்டும். ஆற்றங்கரைச் சூளைகளில் அந்த வேலையைச் செய்தவர்கள் அடிமைகள். அவர்களில் சிறு பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒரு தடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் மட்டுமே அடங்கியது. கையை எடுக்க மனம் வராமல் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன். அந்தச் சுவர் அழகானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் ரசிக்கத்தான் என்னால் முடியவில்லை.

வீடுகளும் அப்படித்தான். குறுகிய பக்கம் தெருவைப் பார்க்க, நீண்ட உடல் உள்நோக்கிப் போகும். தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் நுழைய மாட்டோம். பக்கவாட்டில் நீளும் தாழ்வாரத்தில் கால் வைப்போம். அதைப் 'பியாஸா' என்கிறார்கள். காற்றுக்காகத் தெற்கிலோ மேற்கிலோ அமைத்தது. அந்த வெக்கையில் அது எத்தனை நல்ல ஏற்பாடு என்பது நமக்குச் சொல்லாமலே புரியும். கொல்லைப்புறத்தில் தனியே சமையற்கட்டு. பெரும்பாலும் அதன் மாடியில்தான் அடிமைகள் படுத்தார்கள். இன்று அவற்றில் பல, பயணிகள் தங்கும் அறைகளாகிவிட்டன.

அந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு நெல்லில் வந்தது. இதை அப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள். 'கரோலினா கோல்ட்' என்பது பொன்னிற உமி கொண்ட நெல். கடல் பொங்கும்போது ஆற்றின் நன்னீர் எதிர்த்து ஏறும். அந்த நேரத்தில் மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சுவார்கள். நீர் வற்றும்போது வடிப்பார்கள். முதலில் அடிமரத்தைக் குடைந்து மதகு செய்ததால் அதற்கு 'ட்ரங்க்' என்று பெயர். பலகை மதகு வந்த பிறகும் அந்தப் பெயரே நிலைத்தது. சதுப்புக் காட்டை வெட்டி, இடுப்பளவு சேற்றில் நின்று கரை எழுப்பியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். அவர்களில் பலருடைய ஊர்களில் நெல் பழகிய பயிர். அந்த உழவறிவும் அவர்களோடு கப்பலேறி வந்தது. அதற்கு ஒரு காசு கூலி கிடையாது.

160 ஆண்டுகள் ஆகிவிட்டன என்கிறீர்கள். சால்மர்ஸ் தெருவில் கல் பாவிய தரை மீது நடந்திருப்பீர்கள். 1856-இல் நகராட்சி, அடிமைகளை வெட்டவெளியில் ஏலம் விடுவதைத் தடை செய்தது. விற்பனையை நிறுத்தவில்லை, சுவருக்குள் கொண்டுபோனார்கள். அப்படி ஏலம் நடந்த ஒரு கட்டடம் அந்தத் தெருவில் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அடிமைகளின் கலகத்துக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி 1822-இல், 'டென்மார்க் வீசி' என்ற விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உள்பட 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். வீசியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் திருச்சபையின் வழிவந்ததுதான் இமானுவேல் தேவாலயம். 2015 ஜூன் 17 அன்று, அங்கே வேதப் பாடத்துக்கு வந்திருந்த ஒன்பது கறுப்பினத்தவரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். அந்த ஒன்பது வீடுகளின் வாசலில் நின்று, முடிந்துபோன விஷயம் என்று நம்மால் சொல்ல முடியுமா?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்றோருக்கு நல்லதை மட்டும் காட்ட நினைப்பது பிள்ளைகளின் இயல்பு. ஆனால் உங்கள் அப்பா தாங்காதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. சுவரில் இருந்த வட்டைப் பார்த்துக் கேட்டவர் அவர்தானே?

அவர்கள் மறுபடியும் வரும்போது நகரச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். 'ஸ்வீட்கிராஸ்' என்ற புல்லால் செய்த கூடைகளை விற்கும் பெண்கள் அங்கே இருப்பார்கள். அந்த அடிமைகளின் வழிவந்த 'கல்லா' (Gullah) என்ற இனத்தவர் அவர்கள். பின்னுவது என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் சொல் தைப்பது. புல்லைக் கொத்தாக வளைத்துச் சுற்றி, ஸ்பூன் காம்பைத் தட்டிக் கூராக்கிய ஊசியால் துளையிட்டு, பால்மெட்டோ பனையின் ஓலைக் கீற்றை நுழைத்து இறுக்குகிறார்கள். இப்போது ரொட்டி வைக்கவும் பூ வைக்கவும் வாங்கிப் போகிறார்கள். அகலமாக, விளிம்பு தாழ்ந்த வட்டக் கூடை ஒன்றும் உண்டு. உரலில் குத்திய நெல்லை உமி போகப் புடைக்க, அன்று வயலில் பயன்பட்டது அதுதான். கேட்டு வாங்கி, அம்மாவின் கையில் கொடுங்கள். எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.